கொல்லு வேலைக்கும் வெல்டிங் வேலைக்கும் வர என்ன தெரிந்திருக்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சி துவாக்குடிப் பக்கம் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்துகிறேன். ஒரு மூலையில் அப்பா காலத்து உலை, மற்ற இடமெல்லாம் வெல்டிங். வேலை கேட்டு வருகிற தம்பிகளும் அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிற அப்பாக்களும் கேட்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

ஃபோர்ஜிங், வெல்டிங் இரண்டும் ஒரே வேலைதானே?

இல்லை. இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, அடித்தோ அழுத்தியோ வேண்டிய உருவத்துக்குக் கொண்டுவந்தால் அது ஃபோர்ஜிங். இரண்டு துண்டுகளை உருக்கி ஒன்றாக்கினால் வெல்டிங். உருக்கி அச்சில் ஊற்றினால் அது வார்ப்பு. கோயம்புத்தூர் ஃபவுண்டரிகளில் நடப்பது அது. மூன்றையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு விண்ணப்பம் போடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆனால் ஒரு காலத்தில் அடிப்பதும் ஒட்டுவதும் ஒரே கொல்லர் கையில்தான் இருந்தன. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நீளப் பட்டையை வளையமாக வளைத்து, இரண்டு முனையையும் உலையில் வெளுக்கும்வரை காய்ச்சி, வெங்காரத்தைத் தூவி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து அடிப்பார்கள். ஒட்டிக்கொள்ளும். கரண்டும் கிடையாது, உருகி மூட்டில் சேருகிற வெல்டிங் ராடும் கிடையாது. வளையத்தைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகவே செய்வார்கள். மறுபடி காய்ச்சினால் விரியும். அந்தச் சூட்டோடு மரச்சக்கரத்தில் மாட்டித் தண்ணீரை ஊற்றினால் சுருங்கி, ஆரக்கால்களை எல்லாம் நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். இன்றைக்கு வெல்டிங் அடித்த பிளேட் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போவதும் இதே காரணத்தால்தான். எந்தப் பக்கம் சுருங்கும் என்று முன்கூட்டியே தெரிந்து டேக் (துண்டுகளை நிறுத்திப் பிடிக்கும் சின்னப் புள்ளி வெல்டிங்) அடிப்பவரைத்தான் நல்ல வெல்டர் என்போம்.

இப்போதும் இரண்டும் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது. கடப்பாரை, மண்வெட்டி, அரிவாள் செய்து பழுது பார்க்கும் ஊர்ப் பட்டறைகள், ரயில்வே பணிமனைகள், விரிசல் விட்ட டையை (உருவம் கொடுக்கும் அச்சு) வெல்டிங் போட்டு மீட்கும் ஃபோர்ஜிங் கம்பெனிகள் என்று.

என்ன படித்திருக்க வேண்டும்?

ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு ஒரு வருடப் படிப்பு. எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். முடித்ததும் கிடைப்பது தேசியத் தொழிற்சான்றிதழ். அதற்குப் பிறகு ஏதாவது தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் முடித்தால் இன்னொரு சான்றிதழ். பொதுத்துறை நிறுவனங்கள் சில இந்த இரண்டையும் கேட்கும்.

எட்டாவது போதும் என்று சொன்னாலும், பத்தாவதை எப்படியாவது முடித்துவிடுங்கள். காரணத்தை வெளிநாட்டு வேலை பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

ஃபோர்ஜிங்குக்கு இந்த வசதி குறைவு. அப்ரண்டிஸ் பட்டியலில் அதற்கென்று பிரிவு உண்டு. ஆனால் பக்கத்து ஊர் ஐ.டி.ஐ.யில் அது இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஃபிட்டரோ மெஷினிஸ்டோ படித்துவிட்டு ஃபோர்ஜிங் கம்பெனியில் சேர்ந்து அங்கேயே கற்றவர்கள்தான் அதிகம்.

திருச்சிக்காரர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. பெல் (பி.எச்.இ.எல்.) நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான், 1975 முதல் இயங்குகிறது. வெல்டர்களுக்கான பயிற்சியும் தருகிறார்கள். ஐ.டி.ஐ. முடித்துக் கொஞ்சம் கை பழகியபிறகு போனால்தான் அந்தப் பயிற்சி முழுசாக உள்ளே இறங்கும்.

படிக்காமல் பட்டறையிலேயே கற்றுக்கொண்டால் ஆகாதா?

ஆகும். நானே அப்படி வந்தவன்தான். ஆனால் பட்டறையில் சேர்ந்த பையனுக்கு முதல் ஆறு மாசம் ராடு கையில் வராது. கிரைண்டிங், சிப்பிங், துரு தேய்ப்பது, டீ வாங்கி வருவது. ஐ.டி.ஐ.யில் முதல் மாதமே ராடு பிடிக்கக் கொடுத்துவிடுவார்கள். பட்டறையில் கண் பழகும், ஐ.டி.ஐ.யில் கை பழகும். படித்துக்கொண்டே சனி, ஞாயிறு பட்டறைக்கு வருகிற பையன்கள்தான் சீக்கிரம் தேறுகிறார்கள்.

கொல்லு வேலையில் முதலில் வரவேண்டிய திறமை என்ன? பலமா?

பலம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எட்டு பவுண்டு சம்மட்டி தூக்கத் தெம்பு வேண்டும், சரி. ஆனால் முதலில் வரவேண்டியது நிறம் பார்க்கத் தெரிவது.

இரும்பு சூடாக ஆக அதன் நிறம் மாறும். மங்கிய சிவப்பு சுமார் 700 டிகிரி செல்சியஸ். ஆரஞ்சு 950 வாக்கில். மஞ்சள் வந்தால் 1,100-ஐத் தாண்டியாயிற்று. வெள்ளையாகிப் பொறி பறந்தால் இரும்பு எரிகிறது என்று அர்த்தம். அந்தத் துண்டை வெட்டித்தான் எறிய வேண்டும், திரும்பக் காய்ச்சி மீட்க முடியாது. அடிக்க ஏற்றது ஆரஞ்சும் மஞ்சளும். சிவப்பு மங்கியபிறகும் விடாமல் அடித்தால் உள்ளே விரிசல் விழும், வெளியே தெரியாது. மூன்று மாதம் கழித்து வயலில் ஒரு கல்லில் பட்டு உடையும்போது தெரியும். உலைக்களம் எப்போதும் இருட்டாக இருப்பதற்குக் காரணமும் இந்த நிறம்தான். வெயிலில் பார்த்தால் ஆரஞ்சுகூட மங்கலாகத் தெரியும், ஏமாந்துபோய் மேலும் காய்ச்சிவிடுவோம்.

அடுத்தது தோய்ச்சல். அடித்த இரும்பைச் சரியான சூட்டில் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்துப் பதம் ஏற்றுவது. கல் உடைக்கிறவருக்கு உளி தீட்டித் தருவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள், இது புரியும். முனையை அடித்துக் கூராக்கியபிறகு மறுபடி இரண்டு விரல்கடை நீளத்துக்குச் செக்கச்செவேல் என்று காய்ச்சுவோம். முனையில் ஒரு விரல்கடையை மட்டும் தண்ணீரில் விட்டு, அது கறுத்ததும் வெளியே எடுத்து, உடைந்த சாணைக்கல் துண்டால் நாலு தேய் தேய்ப்போம். பளபளப்பு வந்த இடத்தைக் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். பின்னால் தேங்கியிருக்கும் சூடு மெதுவாக முனையை நோக்கி வரும். கூடவே நிறமும் ஊர்ந்து வரும். முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, அப்புறம் கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம். மரவேலை உளி என்றால் வைக்கோல் மஞ்சள் முனையைத் தொட்டதும் தண்ணீருக்குள் விட வேண்டும். கல் உளிக்குக் கத்தரிப்பூ வரும்வரை பொறுக்கலாம். வைக்கோல் மஞ்சள் சுமார் 230 டிகிரி, கத்தரிப்பூ 280 வாக்கில். இடையில் இருக்கிற 50 டிகிரியில்தான் உளி நொறுங்குமா, மழுங்குமா, உழைக்குமா என்பது முடிவாகிறது. அந்த நிறங்கள் கடந்துபோகச் சில நொடிகள்தான் ஆகும். அதற்குள் போன் அடித்தால் எடுக்கக் கூடாது!

எந்த இரும்புக்கு எதில் தோய்ச்சல் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். லாரி ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அடிப்பவர்கள் எண்ணெயில் தோய்ப்பார்கள். தண்ணீரில் விட்டால் விரிசல் விடும் ஆபத்து அதிகம். சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) கம்பியை எதில் தோய்த்தாலும் பதம் ஏறாது, அதில் கார்பன் போதாது. இது தெரியாமல் எம்.எஸ். பட்டையில் கத்தி செய்து தண்ணீரில் முக்கிக்கொண்டே இருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

ஃபோர்ஜிங் கம்பெனியில் சம்மட்டியே கிடையாதாமே?

ஆமாம். மின்சாரத்தால் சூடாக்கும் இண்டக்ஷன் ஹீட்டரில் பில்லெட் (வெட்டி வைத்த இரும்புத் துண்டு) சூடாகி வரும், பிரஸ்ஸோ ஹேமரோ அடிக்கும், டைதான் உருவம் கொடுக்கும். அங்கே உங்களிடம் கேட்பது வேறு மாதிரித் திறமை. பில்லெட்டை டையில் நேராக உட்கார வைப்பது, சூட்டில் மேலே படிகிற செதில் ஒட்டியிருந்தால் ஊதித் தள்ளுவது, டைக்கு எண்ணெய் போடுவது, ஓரத்தில் பிதுங்கியதை வெட்டும் டிரிம்மிங்கில் கை வைக்காமல் குறடால் மட்டுமே கையாள்வது. அடித்து வந்த பொருளில் மடிப்பு விழுந்திருக்கிறதா, மூலை நிறையாமல் இருக்கிறதா என்று பார்த்த உடனே சொல்லத் தெரிய வேண்டும். மடிப்பைப் பார்க்காமல் விட்டால் அது வண்டியின் ஆக்சிலாகி ரோட்டுக்குப் போய்விடும்.

சத்தம் காதைக் கிழிக்கும். காதடைப்பான் போடாமல் பத்து வருடம் ஹேமர் பக்கத்தில் நின்றவர்களிடம் இப்போது கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது. கம்பெனி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

வெல்டருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

கேட் அடிக்கிற அளவுக்கு என்றால் ஆர்க் வெல்டிங், கேஸ் கட்டிங், கிரைண்டிங். கம்பெனி என்றால் சி.ஓ.டூ எனப்படும் மிக் வெல்டிங்கும் (கம்பி தானாக ஓடி வருவது) டிக் வெல்டிங்கும் (டங்ஸ்டன் முனையால் அடிப்பது).

எந்த முறையானாலும் கண்ணாடிக்குள் பார்க்க வேண்டியது வெளிச்சத்தை இல்லை, அதற்குப் பின்னால் ஓடுகிற உருகிய குட்டையை. புதுப் பையன்கள் எல்லோரும் பொறியைப் பார்க்கிறார்கள். குட்டையின் இரண்டு கரையும் பிளேட்டில் கலக்கிறதா, முன்னால் ஸ்லாக் (ராடின் பூச்சு உருகி வருகிற கசடு) ஓடுகிறதா என்று பார்க்கத் தெரிந்த அன்றைக்குத்தான் வெல்டிங் ஆரம்பிக்கிறது. அதுவரைக்கும் ராடு எரிவது மட்டுமே நடக்கும்.

அப்புறம் ராடு. 6013 என்பது எங்கும் கிடைக்கிற, எளிதில் பற்றுகிற ராடு. கேட், கிரில், ஷெட் எல்லாம் இதில்தான். 7018 கட்டமைப்புக்கும் பாய்லருக்கும். அந்த எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பலத்தைச் சொல்கிறது, சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு இழுவிசை. மூன்றாவது இலக்கம் 1 என்றால் எந்த நிலையிலும் அடிக்கலாம். கடைசி 8, இது ஈரம் ஆகாத ராடு என்பதற்கான அடையாளம். ஈரம் ஏறினால் ஹைட்ரஜன் உள்ளே போய், வெல்டிங் ஆறியபிறகு, சில நேரம் மறுநாள்கூட விரிசல் விடும். அதனால்தான் ஓவனில் காய வைத்துச் சூடான பெட்டியில் கொண்டுவந்து ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பார்கள். காலையில் பிரித்த 7018 பாக்கெட்டை மழைக்காலத்தில் சாயங்காலம்வரை திறந்தே போட்டு வைப்பவரை நான் வெல்டர் என்று எண்ணுவதில்லை.

கரண்ட் வைப்பதற்கு ஒரு கைக்கணக்கு: ராடின் ஒரு மில்லிமீட்டருக்கு 30 முதல் 40 ஆம்பியர். 3.15 ராடு என்றால் நூறு, நூற்று இருபது. அதிலிருந்து கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். கூடுதலாக வைத்தால் ஓரத்தில் பள்ளம் விழும், குறைவாக வைத்தால் ராடு ஒட்டிக்கொள்ளும்.

3ஜி, 6ஜி என்கிறார்களே, அது என்ன?

போன் நெட்வொர்க் இல்லை. எந்த நிலையில் வைத்து அடிப்பது என்பதன் பெயர். பிளேட்டைத் தரையில் படுக்க வைத்து அடித்தால் 1ஜி. செங்குத்தாக நிறுத்திக் கீழிருந்து மேலே போனால் 3ஜி. தலைக்கு மேலே அண்ணாந்து அடிப்பது 4ஜி. பைப்பை 45 டிகிரி சாய்வில் அசையாமல் கட்டிவிட்டு நீங்கள் மட்டும் சுற்றி வந்து அடிப்பது 6ஜி. அதில் அண்ணாந்து அடிப்பது, செங்குத்து, சாய்வு எல்லாம் ஒரே மூட்டில் வந்துவிடுவதால், 6ஜி தேறியவருக்கு மற்ற நிலைகளையும் கொடுக்கலாம் என்று அமெரிக்க பாய்லர் விதித்தொகுப்பான ஆஸ்மி ஏற்றுக்கொள்கிறது. இங்கே பெரும்பாலான கம்பெனிகள் அதைத்தான் பின்பற்றுகின்றன.

அந்த விதியிலேயே இன்னொன்றும் இருக்கிறது. தேறிய முறையில் தொடர்ந்து ஆறு மாதம் வெல்டிங் அடிக்காமல் இருந்தால் அந்தத் தகுதி காலாவதி ஆகிவிடும், மறுபடி டெஸ்ட் கொடுக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு முந்தைய 6ஜி சான்றிதழை லேமினேட் செய்து கொண்டுவந்து நீட்டுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

எத்தனை வருட அனுபவம் கேட்பார்கள்?

விளம்பரத்தில் இரண்டு, மூன்று, ஐந்து என்று போட்டிருப்பார்கள். நேரில் வந்தால் யாரும் வருடத்தை எண்ணுவதில்லை, எதில் அனுபவம் என்றுதான் கேட்பார்கள். பத்து வருடமாக கேட்டும் கிரில்லும் அடித்தவருக்கு பைப்பில் அனுபவம் பூஜ்யம்தான். ஒன்றரை வருடம் பாய்லர் சைட்டில் ரூட் (பைப் மூட்டின் அடியில் போடும் முதல் வெல்டிங்) அடித்த பையன் அவரைத் தாண்டிப் போய்விடுவான். கேட்க மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் நிலைமை அதுதான்.

அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, என்ன பொருள், என்ன கனம், என்ன ராடு, எந்த நிலை, எக்ஸ்ரே எடுத்தார்களா, தேறியதா. பாஸ் ஆன மூட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள், கம்பெனி அனுமதித்தால் மட்டும். கொல்லு வேலைக்காரர்கள் தாங்கள் அடித்த ஒரு உளியையோ குறடையோ கையோடு கொண்டுவரலாம். கொல்லன் தெருவில் ஊசி விற்பதாக யாரும் சொல்லமாட்டார்கள்.

கணக்கு, படம் எல்லாம் வேண்டுமா? அதற்குப் பயந்துதானே இந்த வேலைக்கே வந்தேன்!

கொஞ்சம் வேண்டும். 6 மி.மீ. பட்டையில் உள்விட்டம் 200 மி.மீ. வருகிற வளையம் வேண்டும் என்றால் எத்தனை நீளம் வெட்டுவீர்கள்? உள்விட்டத்தோடு பட்டையின் கனத்தைக் கூட்டி 3.14-ஆல் பெருக்க வேண்டும்: 206-ஐப் பெருக்கினால் 647. கனத்தைக் கூட்டாமல் 628 வெட்டியவருக்கு வளையம் மூடாது. படத்தில் வெல்டிங் குறியீட்டைப் பார்த்து, அம்புக்குறி இருக்கிற பக்கமா, மறுபக்கமா என்று சொல்லத் தெரிந்தால் ஹெல்ப்பர் நிலையிலிருந்து ஒரு படி மேலே போய்விடலாம்.

கண் போய்விடும் என்கிறார்களே?

கண்ணாடி இல்லாமல் பார்த்தால் போகும். ஆர்க் அடித்த கண் உடனே வலிக்காது. ராத்திரி படுத்தபிறகு கண்ணில் மணலை அள்ளிப் போட்டமாதிரி உறுத்தும், நீராகக் கொட்டும். எனக்கு முதல் தடவை வந்தபோது பாட்டி உருளைக்கிழங்கு வெட்டிக் கட்டினார், பக்கத்து வீட்டில் தாய்ப்பால் கேட்டு வாங்கினார்கள். இரண்டும் வேண்டாம். கண் மருத்துவரிடம் போங்கள்.

புகையைப் பற்றி யாரும் பயப்படுவதில்லை, அதுதான் எனக்குக் கவலை. ஜி.ஐ. பைப்பில் இருக்கிற துத்தநாகப் பூச்சு எரிந்த புகையை இழுத்தால் அன்று ராத்திரியே குளிர் காய்ச்சல் வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புகையில் வருகிற குரோமியம் புற்றுநோய்வரை கொண்டுபோகக் கூடியது. காற்று வருகிற பக்கம் நில்லுங்கள், முகத்தைப் புகைக்கு மேலே கொண்டுபோகாதீர்கள்.

காலி பேரல், பழைய பெட்ரோல் டேங்க் கொண்டுவந்து "சும்மா ஒரு டேக் அடிங்கண்ணே" என்பார்கள். அடிக்காதீர்கள். உள்ளே எண்ணெய் இல்லை, ஆனால் ஆவி இருக்கிறது, அதுதான் வெடிக்கும். ஆக்சிஜன் சிலிண்டர் வாயில் கிரீஸ் தடவுவது, அசிட்டிலின் சிலிண்டரைப் படுக்கப் போட்டு ஓட்டுவது, இரண்டும் கூடவே கூடாது. பாலியஸ்டர் சட்டை போட்டு வேலைக்கு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன், பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும்.

பெண்கள் வரலாமா?

வரலாம். டிக் வெல்டிங்குக்கு வேண்டியது நிதானமான கை, அதில் ஆண் கை, பெண் கை என்று கிடையாது. ஒரே பிரச்சினை, கடையில் கிடைக்கிற கையுறை எல்லாம் பெரிய அளவு. தேடிச் சின்ன அளவாக வாங்கிக்கொள்ளுங்கள், தொளதொள கையுறையில் ராடு நடுங்கும்.

வெளிநாட்டு வேலைக்குப் போக?

பத்தாவது தேறியிருந்தால் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவையில்லை என்ற வகையில் வந்துவிடும். தேறாதவர்களுக்கு வளைகுடா நாடுகள், மலேசியா போன்ற இடங்களுக்குப் போகக் குடியேற்ற அனுமதி தனியாக வாங்க வேண்டும். பத்தாவதை முடிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்தவரா என்று இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் மூலமாகவும் வெல்டர்களை எடுப்பதுண்டு, அதையும் பார்த்து வையுங்கள்.

வேலைக்கு எடுக்கும்போது என்ன செய்யச் சொல்வார்கள்?

பேச்சு ஐந்து நிமிடம், மீதி எல்லாம் கைதான். இரண்டு பிளேட்டையோ பைப் துண்டையோ கொடுத்து அடிக்கச் சொல்வார்கள். ராடு பற்றுவதற்கு முன்பே நான் பாதி பார்த்துவிடுவேன். எர்த் கிளாம்ப்பைத் துரு தேய்த்த இடத்தில் மாட்டுகிறாரா, கேபிள் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கிறாரா, என்ன ராடு என்று கேட்கிறாரா, ஒரு கழிவுத் துண்டில் அடித்துக் கரண்ட் சரிபார்க்கிறாரா என்று. கேட்காமல் நேராக அடிக்க ஆரம்பிப்பவரிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. கொல்லு வேலைக்கு வந்தவர் என்றால் முதலில் குறடு துண்டை இறுகப் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உலையில் வைக்க வேண்டும். நழுவிய இரும்பு எதிரே நிற்பவர் காலில்தான் விழும்.

அடித்து முடித்த மூட்டிலிருந்து பட்டை பட்டையாக வெட்டி, பிரஸ்ஸில் வைத்து 'ப' வடிவத்தில் வளைப்பார்கள். வளைந்த பக்கத்தில் 3 மி.மீ.க்கு மேல் வாய் பிளந்தால் தேறவில்லை. அப்படி ஆனால் கோபித்துக்கொண்டு கிளம்பாமல் அந்தத் துண்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் பிளந்திருப்பது நீங்கள் ராடு மாற்றிய இடமாக இருக்கும். பழைய ராடு நின்ற குழியைக் கிரைண்ட் செய்யாமல், ஸ்லாக்கைத் தட்டாமல் புது ராடைப் பற்றவைத்திருப்பீர்கள். வீட்டுக்குப் போய் அந்த ஒன்றை மட்டும் ஐம்பது ராடுக்குப் பழகிவிட்டு வாருங்கள்.